பிக்மி பைப்ஹார்ஸ்: எங்கே தேடுவது, படத்தில் எப்படி உறுதி செய்வது?

ஆழிமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கடல்குதிரைக்கும் குழல்மீனுக்கும் நெருங்கிய சொந்தமான பிக்மி பைப்ஹார்ஸ் பற்றிய கேள்வி இது. கையில் இருப்பது ஒரே படம். பழுப்பு நிறம், சுமார் 4 செ.மீ. நீளம், வாலைப் பாசித் தண்டில் சுற்றிப் பிடித்திருக்கிறது, உடம்பெல்லாம் சிறுசிறு தோல் இழைகள். ஆழம் 9 மீட்டர், மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் கலந்த தரை. படம் மேலிருந்து எடுக்கப்பட்டது. பார்த்தவர்களில் ஒருவர் கடல்குதிரைக் குஞ்சு என்கிறார், இன்னொருவர் கோஸ்ட் பைப்ஃபிஷ் என்கிறார்.

என் கேள்விகள்: எந்த உறுப்பைப் பார்த்து இதை உறுதி செய்வது? மறுபடி தேடுவதென்றால் எப்படிப்பட்ட தரையில், எந்த முறையில் தேடுவது? படத்துக்கு என்னென்ன அமைப்பு வேண்டும்? ஃபுல் ஃப்ரேம் கேமரா, 105 மிமீ மேக்ரோ லென்ஸ், ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்) இரண்டு, +10 வெட் டயாப்டர் (நீருக்கடியில் லென்ஸ் முன் மாட்டும் உருப்பெருக்கி) இருக்கின்றன. மீனுக்குத் தொந்தரவு இல்லாமல் செய்வதுதான் முதல் தேவை.

பாசிக்காடு பதில்:

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. அந்தக் கோணத்தில் இந்தக் குடும்பத்து மீன்கள் எல்லாமே இழை தொங்கும் குச்சியாகத்தான் தெரியும். பக்கவாட்டுப் படம் கிடைத்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும்.

முதலில் கோஸ்ட் பைப்ஃபிஷைக் கழித்துவிடலாம். அதன் குடும்பமே வேறு. அதற்கு முதுகில் இரண்டு துடுப்புகள், அடியில் விசிறிபோல் பெரிய இடுப்புத் துடுப்புகள், வால் நுனியில் அகன்ற துடுப்பு. அது வாலால் எதையும் பிடிக்காது, பெரும்பாலும் தலைகீழாக மிதந்துகொண்டு நிற்கும். உங்கள் மீன் வாலைச் சுற்றிப் பிடித்திருப்பதால் அந்தக் கட்சி விழுந்தது.

அடுத்து சாதாரணக் குழல்மீன். பெரும்பாலான குழல்மீன்களுக்கு வால் நுனியில் சின்னதாக ஒரு துடுப்பு இருக்கும். பைப்ஹார்ஸுக்கு வால் ஒரு கூரான சுருளாக முடியும், துடுப்பு கிடையாது. ஆகவே வால் நுனி தெளிவாக விழுந்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும். பலரும் கண்ணில் ஃபோகஸ் வைத்து முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வால் நுனியைப் பாசிக்குள் விட்டுவிடுகிறார்கள்.

மிஞ்சுவது கடல்குதிரை. இங்கேதான் உண்மையான சிக்கல். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள கோணத்தைப் பாருங்கள். கடல்குதிரையின் தலை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் மடங்கியிருக்கும், கழுத்து வளைவு நன்றாகத் தெரியும். குழல்மீனின் தலை உடம்போடு ஒரே கோட்டில் இருக்கும். பைப்ஹார்ஸின் தலை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். 4 செ.மீ. வளர்ந்த கடல்குதிரைக் குஞ்சு என்றால் மடங்கிய தலை, உப்பிய மார்பு, உச்சியில் கிரீடம் எல்லாம் அதற்குள் வந்திருக்கும். பிக்மி கடல்குதிரையாக இருக்க வாய்ப்பு குறைவு, அவை 2.5 செ.மீ.க்கு மேல் போவது அரிது.

நின்ற நிலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாலால் பிடித்திருக்கும் பைப்ஹார்ஸ் உடம்பை நிமிர்த்தி, கடல்குதிரை மாதிரியே நிற்கும். பிடியை விட்டு நீந்தும்போது கிடைமட்டமாகப் போகும். கடல்குதிரை நிமிர்ந்தபடியே நீந்தும். மரபணு ஆய்வில் கடல்குதிரைகளுக்கு மிக நெருங்கிய உறவாக வந்தவை இடியோட்ராப்பிஸ்கிஸ் என்ற பைப்ஹார்ஸ் பேரினம்தான் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி). இரண்டும் பிரிந்தது ஒலிகோசீன் காலத்தில் (சுமார் 3.4 முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்), கடற்புல் வெளிகள் பரவிய சமயத்தில் என்று 2009-ல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. நிமிர்ந்த உடம்புக்குப் புல் நடுவே மறைவிடம் கிடைத்தது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது மிகவும் பிடித்த வாதம். பைப்ஹார்ஸை நேரில் பார்க்கும்போது கடல்குதிரையின் பழைய வடிவம் இப்படித்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் தானாக வரும்.

இன்னொரு குழப்பம் ஆண் பெண் வேறுபாட்டில் வருகிறது. அசென்ட்ரோனூரா என்ற பைப்ஹார்ஸ் பேரினத்தில் ஆணுக்கு வாலின் அடிப்பகுதியில் குஞ்சுப் பை இருப்பதால் உடம்பு தடித்து, கடல்குதிரைச் சாயல் கூடுதலாக இருக்கும். பெண் ஒல்லியாக, குழல்மீன் போலவே இருக்கும். ஜோடியாக ஒரே பாசித் திட்டில் இருந்தால் இரண்டு வேறு இனம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றைப் பார்த்தால் சுற்றி ஒரு மீட்டருக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லிடுக்கு பதில்:

தேடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். மீனைத் தேடினால் கிடைக்காது, அது வாழும் தரையைத் தேட வேண்டும்.

பவளப் பாறையின் அழகான பகுதிகளை விட்டுவிடுங்கள். மணலும் உடைசலும் கலந்த இடத்தில் விரல் உயரத்துக்குப் பாசி முளைத்த திட்டுகள், கடற்புல் வெளியின் ஓரங்கள், குட்டையான கடற்பஞ்சுகளும் சிவப்புப் பாசியும் கலந்து வளரும் கற்கள், இவைதான் இடம். 5 முதல் 20 மீட்டர் ஆழம் போதும். பாசி முழுக்க மணல் மூடிக் கிடந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். திட்டுக்கு மேலே மைசிட் இறால் கூட்டம் புகைபோல் மிதந்தால் அங்கே நில்லுங்கள். கோப்பிபாட், மைசிட் மாதிரி நுண்ணிய கணுக்காலிகள்தான் இவற்றின் சாப்பாடு. பெரும் புயலுக்குப் பிறகு பாசி அடித்துக்கொண்டு போயிருக்கும், மறுபடி முளைக்கும்வரை அந்த இடத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

முறை இது. ஒரு சதுர மீட்டரை மனதில் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் மேலே, தலை சற்றுத் தாழ்ந்து, ஃபின்ஸ் மேலே தூக்கியபடி. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில், மங்கலாக அடியுங்கள். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் நிழல் போய்விடும், நிழல் போனால் உருவமும் போய்விடும்.

நிறத்தை நம்பவே கூடாது. பாசியின் நிறம்தான் மீனின் நிறம். அசைவைப் பாருங்கள். அடியலை வந்து போகும்போது பாசித் தண்டு அடியிலிருந்து நுனிவரை ஒரே வளைவாக வளையும். வாலால் பிடித்திருக்கும் மீன் அப்படி வளையாது, உடம்பு ஒரு துண்டாகச் சாய்ந்து, ஒரு கணம் பிந்தித் திரும்பும். அந்தப் பிந்தும் துண்டைக் கண் பிடித்துவிட்டால் அடுத்து கண்ணைத் தேடுங்கள். பாசிக்குக் கண் கிடையாது. இவற்றின் கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும், சில நொடி பார்த்தால் ஒன்று உருளும். முற்றிலும் அலையில்லாத நாளைவிட மெல்லிய ஆட்டம் உள்ள நாள் தேடலுக்கு நல்லது. படத்துக்கு அது நேர்மாறு.

என்ன தவறும் என்று கேட்டால் முதல் இடம் மிதப்புக்குத்தான். எடை ஒரு கிலோ கூடினாலும் பிசிடி எனும் மிதப்பு அங்கியில் காற்று ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பீர்கள், ஒரு ஃபின் உதை போதும், அந்தத் திட்டு முழுக்க மண்டி எழும்பிவிடும். மண்டி அடங்கும்வரை மீனும் தெரியாது, அதன் செவுளுக்கும் நல்லதில்லை. இரண்டாவது, ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதால் உடம்பு சீக்கிரம் குளிரும், காற்றளவு காட்டும் கேஜைப் பார்ப்பதும் மறந்துபோகும். சிலிண்டரில் 50 பார் காற்றுக் கையிருப்போடு மேலே வந்து நிற்கும்படி திரும்பும் அளவை இறங்குவதற்கு முன்பே துணை டைவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே திட்டில் தலையை நுழைக்காமல், ஒருவர் தேட மற்றவர் சற்றுப் பின்னால் நின்று நேரத்தையும் காற்றையும் கவனிப்பது நல்லது.

ஆழிமகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. கல்லிடுக்கு அண்ணா, பாசியை மெதுவாக விலக்கிப் பார்க்க உலோகக் குச்சி பயன்படுத்தலாமா? சிலர் அப்படிச் செய்வதைப் பார்க்கிறோம்.

கல்லிடுக்கு:

ஒரு விரலையோ குச்சியையோ வெறும் கல்லில் ஊன்றி உடம்பை நிலைநிறுத்தலாம். பாசியைத் தொடக் கூடாது. அந்தப் பாசிதான் மீனின் பிடிமானம். விலக்கியதும் மீன் பிடியை விட்டுவிடும். இவை மெதுவாக நீந்துபவை, திறந்த மணலுக்கு மேல் வந்துவிட்டால் அருகில் உள்ள எந்த மீனும் விழுங்கிவிடலாம். பாசி மறைக்கிறது என்றால் அந்தப் படம் இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான்.

ஒளிக்கூடு பதில்:

கேமரா பக்கம் நான் வருகிறேன். உங்களிடம் உள்ள கருவி தாராளமாகப் போதும். முதல் படத்துக்கு +10 டயாப்டரை மடக்கி வையுங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மிமீ அகலம். லென்ஸை 1:1-ல் (சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் உண்மை அளவில்) வைத்தால் கிடைக்கும் காட்சியும் 36 மிமீ அகலம்தான், 4 செ.மீ. மீன் நேராக நின்றால் அதற்குள் அடங்காது. கூர்மையாக விழும் ஆழம் லென்ஸ் துளை எஃப் 16-ல் சுமார் 2 மிமீ மட்டும். 2:1-க்குப் போனால் 1 மிமீகூடக் கிடைக்காது. அதையே 1:2-ல் வைத்தால் காட்சி 72 மிமீ அகலம், கூர்மை ஆழம் 5 முதல் 6 மிமீ. முழு மீனும் முகத்திலிருந்து வால் நுனிவரை ஒரே படத்தில் தெளிவாக விழும். அடையாளப் படம் என்றால் இதுதான். முகத்தின் நெருக்கப் படம் அழகாக இருக்கும், ஆனால் இனம் சொல்ல அது மட்டும் உதவாது.

லென்ஸை 1:2-ல் வைத்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு உடம்பை மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். ஆட்டோ ஃபோகஸை விட்டால் மீனுக்கு முன்னால் உள்ள இழையைப் போய்ப் பிடிக்கும், உடம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மங்கியிருக்கும், மேலே வந்து கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும். சென்சாரும் மீனின் பக்கவாட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பத்து பாகை சாய்ந்தாலும் வால் நுனி போய்விடும்.

தொடக்க அமைப்பு: எஃப் 16, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ரா ஃபைல். எஃப் 22-க்கு மேல் மூடினால் ஒளிச்சிதைவால் படம் முழுக்க மென்மையாகிவிடும், உடம்பில் உள்ள எலும்பு வளையங்களை எண்ண முடியாது. இனம் பிரிக்கும் ஆய்வாளர்கள் உடல் வளையம் எத்தனை, வால் வளையம் எத்தனை என்று பார்ப்பார்கள். அதனால் வளையங்கள் தெரியும்படி ஒரு ஸ்ட்ரோபைப் பக்கத்திலிருந்து சாய்த்து அடியுங்கள், மற்றதைப் பாதி சக்தியில் வையுங்கள். இரண்டையும் நேருக்கு நேர் அடித்தால் வளையங்களின் மேடு பள்ளம் தட்டையாகிவிடும். மறைந்திருக்கும் மீனைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட ஸ்னூட் (ஸ்ட்ரோப் ஒளியைச் சிறு வட்டமாகக் குறுக்கும் குழல்) நன்றாக வேலை செய்யும், ஆனால் அதைக் குறி வைக்கவே நேரம் போகும். முதல் ஐந்து படம் ஸ்னூட் இல்லாமல் எடுத்துவிடுங்கள்.

நீளம் அளக்க மீன் பக்கத்தில் ஸ்கேலை நீட்ட வேண்டாம். லென்ஸ் அமைப்பை மாற்றாமல், திட்டை விட்டு விலகி வந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை அதே அமைப்பில் கூர்மையாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் பிக்சலை ஒப்பிட்டு அரை மில்லிமீட்டர்வரை சொல்லலாம். டயாப்டர் போட்டு எடுத்தால், அதைப் போட்ட நிலையிலேயே ஸ்கேலையும் எடுக்க வேண்டும்.

பாசிக்காடு:

ஒளிக்கூடு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபிளாஷ் மீனின் கண்ணைக் குருடாக்கும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கடல்குதிரைகளை வைத்து 2013-ல் ஹராஸ்டியும் கிளாட்ஸ்டோனும் வெளியிட்ட ஆய்வில் ஃபிளாஷால் நடத்தையிலோ அதே இடத்தில் தங்குவதிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. டி பிராவரும் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் மீனின் கண் திசுக்களையும் பார்த்தார்கள், சேதம் இல்லை. மீனைத் தொடுவதும் நகர்த்துவதும்தான் அதிகம் பாதித்தது.

அதற்காக ஃபிளாஷ் எண்ணிக்கையில் தாராளம் என்று நான் சொல்ல மாட்டேன். நாம் எவ்வளவு நேரம் முகத்துக்கு நேரே நிற்கிறோம் என்பதே பெரிய கேள்வி. தொடர்ந்து எரியும் டார்ச் முகத்தில் பட்டால் மீன் முதுகைக் காட்டித் திரும்பும். திரும்பினால் அந்தப் பக்கம் சுற்றிப் போகாதீர்கள், டார்ச்சை அணைத்து அரை மீட்டர் பின்வாங்குங்கள், பெரும்பாலும் தானே திரும்பி வரும். மூன்றாவது முறையும் திரும்பிக்கொண்டால் கிளம்பிவிட வேண்டும். வால் பிடியை மாற்றிக்கொண்டே இருப்பது, பாசிக்குள் கீழே இறங்குவது, இவையும் அதே அர்த்தம்தான். குழுவாகப் போனால் ஆளுக்கு ஐந்து படம், ஒரு மீனுக்கு மொத்தம் இத்தனை பேர் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நியாயம்.

கடற்பஞ்சு பதில்:

எந்தப் பகுதிக் கடல் என்பதை எழுதினால் தேடும் பட்டியல் பாதியாகக் குறையும். இப்போது பெயர் உள்ள இனங்கள் மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அசென்ட்ரோனூரா டென்டகுலாட்டாவை 1870-ல் விலங்கியலாளர் குந்தர் விவரித்தது செங்கடல் பகுதியிலிருந்து. ஜப்பானியக் கடலில் அசென்ட்ரோனூரா கிராசிலிசிமா. மேற்கு அட்லாண்டிக்கில் ஆம்ஃபெலிக்டூரஸ் டென்ட்ரிடிகஸ். இடியோட்ராப்பிஸ்கிஸ் பேரினத்தின் மூன்று இனங்களும் ஆஸ்திரேலியாவில், அவற்றில் சிட்னி பிக்மி பைப்ஹார்ஸ் எனப்படும் லம்னிட்ஸெரி 2004-ல்தான் பெயர் பெற்றது. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் நூல்போல் மெலிந்த கையோனெமிக்திஸ் ருமெங்கானி, 2007. அதன் தலை உடம்போடு ஏறக்குறைய நேராக இருக்கும், ஆகவே மேலே சொன்ன கோண விதியை அதற்கு அப்படியே பொருத்தாதீர்கள். நியூசிலாந்தின் வடபகுதியில் சைலிக்ஸ் டுபாரேயோமனாயா, 2021. தலையில் கிண்ணம் போன்ற எலும்பு முகடு அதன் அடையாளம். அதே பேரினத்தில் இரண்டாவதாக சைலிக்ஸ் இன்கோசி, தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவிலிருந்து, 2024.

தேதிகளைக் கவனியுங்கள். பெயர்களில் பாதி இந்த நூற்றாண்டில் வந்தவை. சிட்னி இனத்தின் பெயரும் லெம்பே இனத்தின் பெயரும் கடலுக்குள் இறங்கிப் பார்த்த டைவர்களை ஒட்டி வைக்கப்பட்டவை. அதனால் உங்கள் படம் எந்த விவரிப்போடும் பொருந்தாவிட்டால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். தலை உச்சியைப் பக்கவாட்டிலும் சற்று முன்னிருந்தும் எடுத்த படங்கள் அப்போதுதான் மதிப்பு பெறும், முகட்டின் வடிவம் அதில்தான் தெரியும். தோல் இழைகளை வைத்து மட்டும் இனம் சொல்ல வேண்டாம். ஒரே இனத்தில் ஒன்றுக்கு அடர்ந்தும் இன்னொன்றுக்கு அற்றும் இருக்கும்.

நீர்முள்:

குறுக்கே ஒரு கேள்வி. கடல்குதிரை வளர்க்கும் தொட்டியில் இவை பிழைக்குமா?

கடற்பஞ்சு:

பிழைக்க வைப்பது மிகக் கடினம், முயல வேண்டாம் என்பதே என் பதில். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. சாப்பிட்டது சேமிப்பில் நிற்காது, பகல் முழுக்கச் சிறிது சிறிதாக உயிருள்ள கோப்பிபாட் வேண்டும். முட்டையிலிருந்து பொரியவைத்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகளைப் போட்டால் கொத்தும், ஆனால் செறிவூட்டாத ஆர்ட்டீமியாவில் தேவையான கொழுப்பு அமிலம் போதாது, தின்றுகொண்டே இளைத்துச் சாகும். கடல்குதிரைகள் எல்லாம் சைட்டீஸ் எனும் பன்னாட்டு வனவுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2004 முதல் வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பைப்ஹார்ஸ்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எவ்வளவு இருக்கின்றன என்று கணக்கே இல்லாத மீனைப் பிடித்து வைப்பதற்கு அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆழிமகள்:

அனைவருக்கும் நன்றி. படம் கிடைத்தால் உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றலாமா, அல்லது இடம் தெரிந்து கூட்டம் கூடிவிடுமா?

கடற்பஞ்சு:

ஏற்றுங்கள், இடத்தை மறைத்து. ஏற்றும் பக்கத்தில் இருப்பிட மறைப்பைத் தேர்ந்தெடுத்தால், பொதுவில் காட்டும் புள்ளி 0.2 பாகைக்கு 0.2 பாகை கட்டத்துக்குள் எங்கோ ஒன்றாக மாறிவிடும். சரியான இடம் உங்களுக்கும் நீங்கள் அனுமதிக்கும் ஆய்வாளருக்கும் மட்டும் தெரியும். படத்தின் கோப்பில் ஜிபிஎஸ் பதிவாகியிருந்தால், வேறு சமூக வலைத்தளங்களில் போடும் முன் அதை நீக்கிவிடுங்கள். படத்தோடு நாள், நேரம், ஆழம், நீர் வெப்பநிலை, தரை வகை, எதைப் பிடித்திருந்தது, தனியாகவா ஜோடியாகவா, வாலடியில் பை தெரிந்ததா என்று எழுதுங்கள். பிடித்திருந்த பாசியை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் மிக நல்லது. பாசி வகை தெரிந்தவர்கள் அதன் பெயரைச் சொல்வார்கள், அடுத்து அதே பாசி முளைத்த திட்டுகளாகப் பார்த்துத் தேடலாம்.